பிளஷ் பாடத்தில் விட்டுப்போன ஒரு நிபந்தனை

மேக்கப்பைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு பிளஷ் பற்றிச் சொல்லித்தரும் கட்டுரைகளையும் வீடியோக்களையும் சில வாரங்களாக வரிசையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாற்பது வயசு தாண்டின ஒரு புரோகிராமருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நிறம் என்பது கொஞ்சம் இயற்பியல், கொஞ்சம் வேதியியல், மிச்சம் மனுஷங்க பழக்கவழக்கம். மூணுமே எனக்குப் பிடிச்ச சமாச்சாரம். அதோட, யாரோ எழுதிவைத்த வழிமுறையை வரிக்கு வரி படித்து, இது எந்த இடத்தில் உடையும் என்று பார்ப்பதுதான் இருபது வருஷமாக என் பிழைப்பு.

பார்த்தவற்றில் பெரும்பாலானவை ஒரே ஐந்து அறிவுரைகளைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன.

1. கன்னத்தை லேசாகக் கிள்ளிப் பாருங்கள். அப்போது வரும் நிறம்தான் உங்களுக்கான பிளஷ்.
2. மணிக்கட்டில் நரம்பு நீலமாகத் தெரிந்தால் நீங்கள் கூல் டோன், பச்சையாகத் தெரிந்தால் வார்ம் டோன்.
3. புதுசா ஆரம்பிக்கிறவங்க வெளிர் பிங்க்கில் ஆரம்பிங்க. அதுதான் சேஃப்.
4. நல்லா சிரிங்க. கன்னத்தில் மேடாகும் இடத்தில் வையுங்க.
5. மெல்லிசா ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க.

ஐந்தாவது நல்ல அறிவுரை. நான்காவது பாதி சரி. முதல் மூன்றும் ஒரு குறிப்பிட்ட தோலை மனதில் வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை, ஆனால் அதைச் சொல்வதில்லை. எங்கள் தொழிலில் இதற்கு டிஃபால்ட் என்று பேர். யாரும் எதுவும் சொல்லாவிட்டால் நிரல் தானாக எடுத்துக்கொள்ளும் மதிப்பு. பிளஷ் பாடங்களின் டிஃபால்ட் வெளிறிய தோல்.

டார்வின் கேட்ட கேள்வி

கன்னம் சிவப்பதைப் பற்றி உருப்படியாக யோசித்தவர்களில் ஒருவர் சார்லஸ் டார்வின். மனித முகபாவங்கள் உலகம் முழுக்க ஒன்றுதானா என்று தெரிந்துகொள்ள, 1860களில் பல நாடுகளில் இருந்தவர்களுக்கு அவர் ஒரு கேள்வித்தாள் அனுப்பினார். அதில் ஒரு கேள்வி, வெட்கப்படும்போது முகம் சிவக்கிறதா, அந்தச் சிவப்பு உடம்பில் எதுவரை பரவுகிறது என்பது. அந்தக் கேள்விக்குள்ளேயே அவர் ஒரு நிபந்தனையும் சேர்த்திருந்தார்: தோலின் நிறம் அதைப் பார்க்க இடம் கொடுத்தால்.

1872ல் வெளிவந்த அவருடைய முகபாவங்கள் பற்றிய நூலில் நாணத்துக்கென்று தனி அத்தியாயமே இருக்கிறது. 1839ல் முகம் சிவத்தல் பற்றி ஒரு நூல் எழுதிய பர்ஜஸ் என்ற மருத்துவர் கவனித்த விஷயத்தை அங்கே டார்வின் எடுத்துச் சொல்கிறார். ஒரு கறுப்பினப் பெண்ணின் முகத்தில் ஒரு தழும்பு இருந்தது. யாராவது சட்டென்று அவரிடம் பேசினால் அந்தத் தழும்பு மட்டும் சிவந்தது. ரத்தம் எல்லாருக்கும் அதே மாதிரிதான் ஓடுகிறது. மேலே இருக்கும் மெலனின் அதை மறைக்கிறது. நிறமி இல்லாத தழும்பு ஒரு ஜன்னல் மாதிரி காட்டிக்கொடுத்துவிட்டது.

நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு இயற்கை ஆய்வாளர் மறக்காமல் போட்ட அந்த நிபந்தனையை இன்றைய பிளஷ் பாடங்கள் தொலைத்துவிட்டன. ‘கிள்ளிப் பாருங்கள்’ என்கிறார்கள். மாநிறத்திலோ கருப்பிலோ கிள்ளினால் வலிக்கும். நிறம் பெரிசா ஒன்றும் தெரியாது. நம்ம ஊர் தொடர்கதைகளில் ‘வெட்கத்தில் அவள் கன்னம் சிவந்தது’ என்று எழுதித் தள்ளியிருக்கிறார்கள். நம் வீட்டுக் கல்யாணங்களில் எத்தனை கன்னம் சிவந்து பார்த்திருக்கிறோம்? வெட்கம் வரும். சிரிப்பிலும், தலை குனிவதிலும், கண்ணிலும் அது தெரியும்.

வெளிர் பிங்க் யாருக்கு சேஃப்?

மூன்றாவது அறிவுரைதான் அதிக சேதம் பண்ணுகிறது. அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

கன்னம் சிவக்கும்போது சிவப்பு வெளிச்சம் புதிதாக எங்கிருந்தும் வருவதில்லை. தோலுக்கு அடியில் ரத்தம் கூடுகிறது. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின், சுமார் 540 முதல் 580 நானோமீட்டர் வரையிலான பச்சை, மஞ்சள் வெளிச்சத்தை நன்றாக விழுங்கிவிடும். திரும்பி வருவதில் சிவப்பின் பங்கு கூடுகிறது. ஆக, சிவந்த கன்னம் பக்கத்துத் தோலைவிடக் கொஞ்சம் இருண்டிருக்கும். வெளுத்திருக்காது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

இப்போது கடையில் கிடைக்கும் வெளிர் பிங்க் பவுடரை எடுத்துக்கொள்வோம். சிவப்பு நிறமியை வெளிர் பிங்க் ஆக்குவதற்கு எளிய வழி வெள்ளை சேர்ப்பது. அந்த வெள்ளை பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடு. சுவர் பெயின்ட்டில் மூடுதிறனுக்காகப் போடும் அதே பொருள். அதன் ஒளிவிலகல் எண் 2.5க்கு மேல். பவுடரில் இருக்கும் டால்க்குக்கு சுமார் 1.6. முகத்து எண்ணெய்ப் பசைக்கு 1.5க்குப் பக்கத்தில். டால்க்கும் எண்ணெயும் பக்கத்துப் பக்கத்து எண்கள் என்பதால், எண்ணெய் பட்டதும் டால்க் கிட்டத்தட்ட கண்ணாடி மாதிரி ஆகிவிடும். டைட்டானியம் டை ஆக்சைடு அப்படி மறையாது. எண்ணெய் பட்டாலும் வெள்ளையாகத்தான் நிற்கும்.

அந்த வெள்ளை எல்லாத் தோலிலும் ஒரே அளவு தெரியுமா? ஒரு மனக்கணக்கு போடுவோம். ஒரு தோல் 100 பங்கு வெளிச்சத்தில் 60 பங்கைத் திருப்பி அனுப்புகிறது, இன்னொன்று 20 பங்கை என்று வையுங்கள். ரெண்டின் மேலும் வெள்ளை 5 பங்கைக் கூட்டுகிறது. முதலாவதில் கூடுதல் பன்னிரண்டில் ஒரு பாகம், கண்ணுக்குப் படாது. இரண்டாவதில் நாலில் ஒரு பாகம், பளிச்சென்று தெரியும். எண்கள் நான் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. ஆனால் நடப்பது இதுதான். வெளிறிய கன்னத்தில் ரோஜா மாதிரி தெரியும் அதே பவுடர், கருத்த கன்னத்தில் சாம்பல் பூத்த மாதிரி தெரிகிறது.

இப்போது ஐந்தாவது அறிவுரையையும் சேர்த்துப் பாருங்கள். சாம்பல் பூத்துவிட்டது, நிறம் தெரியவில்லை. பாடம் என்ன சொல்கிறது? கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. கூட்டினால் சிவப்போடு வெள்ளையும்தான் கூடும். இன்னும் சாம்பல். நல்ல அறிவுரையும் தப்பான நிறத்தில் பயன்படுத்தினால் நிலைமையை மோசமாக்குகிறது.

என் அக்கா மகள் காலேஜில் முதல் வருஷம். தோழியின் அண்ணன் கல்யாண ரிசப்ஷனுக்காக முதல் முதலாக ஒரு பிளஷ் வாங்கினாள். வெளிர் பிங்க். வீடியோவில் சொன்னபடி ஒன்று விடாமல் செய்திருக்கிறாள். கண்ணாடியைப் பார்த்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டாள். ஏன்டா என்று கேட்டதற்கு, “எனக்கு இதெல்லாம் செட் ஆகாது மாமா. என் கலருக்கு பிளஷ்லாம் இல்ல” என்றாள். அவள் எந்தப் படியிலும் தப்பு பண்ணவில்லை. கையேட்டில் சொன்னபடி செய்தும் வேலை செய்யவில்லை என்றால் அது கையேட்டின் பிழை. எங்கள் ஆபீஸில் இதில் இரண்டாவது கருத்தே கிடையாது. ஆனால் அழகுக் குறிப்பில் மட்டும், பிழை படிப்பவரின் முகத்தின் மேல் எழுதப்பட்டுவிடுகிறது. ஒரு டப்பா பவுடரின் காசு போனால் போகட்டும். பதினெட்டு வயசில் தன் முகம்தான் கோளாறு என்று ஒரு பிள்ளை முடிவு கட்டிவிடுவது சின்ன விஷயம் இல்லை.

நரம்பைப் பார்த்து ஜோசியம்

மணிக்கட்டு நரம்புக்கு வருவோம். நரம்பு என்று நாம் சொல்லும் அந்த ரத்தக்குழாயில் ஓடுவது கருஞ்சிவப்பு ரத்தம். அதில் நீலம் கிடையாது. கருவி வைத்து அளந்தால், நரம்புக்கு மேலிருக்கும் வெளிறிய தோலில் இருந்துகூட நீலத்தைவிடச் சிவப்பு வெளிச்சம்தான் அதிகம் திரும்பி வருகிறது. சுற்றியுள்ள தோலோடு ஒப்பிட்டால் சிவப்பு கொஞ்சம் குறைவு, அதனால் கண் அதை நீலம் என்று எடுத்துக்கொள்கிறது. குழாய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, எவ்வளவு பருமன், மேலே எவ்வளவு மெலனின் இருக்கிறது, பல்ப் என்ன பல்ப் என எல்லாம் அந்தத் தோற்றத்தை மாற்றும். மெலனின் நீலப் பகுதியை அதிகமாக விழுங்குவதால், மாநிறத்தில் பலருக்குப் பச்சையாகத் தெரியும். இன்னும் கருத்த கையில் எதுவும் தெரியாமலே போகலாம். நம்மில் பாதிப் பேருக்கு ஒரே விடை வரும், மீதிப் பேருக்கு விடையே வராது என்றால் அந்தச் சோதனையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பட்டியலின் கடைசி வரிசை

சில பாடங்கள் இதைச் சமாளிக்க ஒரு பட்டியல் தருகின்றன. ஃபேர் ஸ்கின்னுக்கு இத்தனை ஷேடு, மீடியத்துக்கு இத்தனை, கடைசியில் ‘டஸ்கி ஸ்கின்னுக்கு பெர்ரி’ என்று ஒரே வரி. தமிழில் எழுதுகிறவர்களும் அதை அப்படியே கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். படிக்கிறவர்களில் பெரும்பாலோர் அந்தக் கடைசி வரிக்குள்தான் அடங்க வேண்டும்.

இது மேக்கப்போடு நிற்கிற பழக்கம் இல்லை. தோல் மருத்துவத்தில் இன்றும் புழங்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலை 1975ல் ஹார்வர்டு தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் உருவாக்கினார். புற ஊதாக்கதிர் சிகிச்சையில் எவ்வளவு கதிர் கொடுக்கலாம் என்று முடிவு செய்யத்தான். தொடக்கத்தில் அதில் நாலு வகை, நாலும் வெள்ளைத் தோலுக்கு. பழுப்பும் கருப்பும் ஐந்தாவது, ஆறாவது வகைகளாகப் பிறகு சேர்க்கப்பட்டன. 2022ல் கூகுள் வெளியிட்ட, சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் உருவாக்கிய அளவுகோலில் பத்து நிறங்கள் இருக்கின்றன. அளவுகோலே திருந்திக்கொண்டிருக்கும்போது அழகுக் குறிப்பு இன்னும் மூன்று வரிசைப் பட்டியலில் உட்கார்ந்திருக்கிறது.

தெரியாமல் போன விஷயமும் இல்லை இது. அமெரிக்காவில் எபனி பத்திரிகை நடத்திய ஃபேஷன் ஷோக்களில் கறுப்பினப் பெண்கள் தங்களுக்கான நிறம் கடையில் கிடைக்காமல், மேக்கப்பைத் தாங்களே கலந்து போட்டுக்கொண்டார்கள். அதைப் பார்த்த யூனிஸ் ஜான்சனும் அவர் கணவரும் 1973ல் ஃபேஷன் ஃபேர் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2017ல் ரிஹானாவின் ஃபென்டி 40 ஷேடு ஃபவுண்டேஷனோடு வந்தபோது மற்ற கம்பெனிகளை நோக்கியும் கேள்வி எழுந்தது. ஆனால் அந்தக் கேள்வி பெரும்பாலும் ஃபவுண்டேஷனோடு நின்றுவிட்டது. ஃபவுண்டேஷன் தோலோடு பொருந்தியே ஆகவேண்டும், பொருந்தாவிட்டால் யாருக்கும் தெரியும். பிளஷ் எப்படியும் வேறு நிறம்தானே, யாருக்கும் எதுவும் போகும் என்று விட்டுவிட்டார்கள்.

சிவப்பு என்ற சொல்

தமிழில் எழுதும்போது இன்னொரு சிக்கலும் சேர்கிறது. நம் பேச்சில் ‘சிவப்பு’ என்பது ஒரு நிறம் மட்டும் இல்லை. ‘பொண்ணு நல்லா செவப்பா இருக்கா’ என்றால் வெளுப்பாக இருக்கிறாள் என்று அர்த்தம். ‘கன்னத்தைச் சிவப்பாகக் காட்டும்’ என்று ஒரு குறிப்பு எழுதினால், படிப்பவர் காதில் அது ‘கலரைக் கூட்டும்’ என்றுதான் விழும். சில குறிப்புகள் அதை வேண்டுமென்றே அப்படி விழ விடுகின்றன. பிளஷ் பகுதிக்குள்ளேயே ‘முகம் பிரகாசமாகும்’, ‘நிறம் கூடித் தெரியும்’ என்று வரும். அப்புறம் புதிதாக வாங்குகிறவர் இருக்கிறதிலேயே வெளிறிய டப்பாவைத்தான் எடுப்பார். ஏற்கெனவே பார்த்த மாதிரி, சிவந்த கன்னம் இருண்டிருக்கும். முகத்தை வெளுப்பாக்குவது வேறு வேலை, அதை பிளஷ் தலையில் கட்டினால் ரெண்டும் நடக்காது.

இதில் வேடிக்கை, நிறம் தேர்ந்தெடுக்கும் அறிவு நம் ஊரில் இல்லாமல் இல்லை. ஜவுளிக் கடையில் கருத்த பெண்ணுக்குப் புடவை எடுக்கும்போது அரக்கு, வாடாமல்லி, மாம்பழக் கலர் என்று தயங்காமல் எடுத்துப் போட்டுக் காட்டுவார்கள். வெளிறிய ரோஸை மேலே வைத்துப் பார்த்துவிட்டு ‘எடுப்பா இல்லையே’ என்று ஒதுக்கும் அத்தைகளுக்கு டைட்டானியம் டை ஆக்சைடு தெரியாது, கண் தெரியும். அந்தக் கண்ணை அழகுக் குறிப்பு எழுதுகிறவர்கள் கடன் வாங்கியிருக்கலாம்.

சிரித்து வைப்பதும் கேமராவும்

நான்காவது அறிவுரை. சிரித்தால் கன்னச் சதை மேலே ஏறும். அங்கே வைத்துவிட்டு சிரிப்பை நிறுத்தினால் நிறம் சதையோடு சேர்ந்து கீழே இறங்கி, மூக்கோரமாக உட்காரும். கன்னம் உப்பிய இளவயசில் இது பெரிய விஷயம் இல்லை. முப்பது நாற்பது வயசுக்கு மேல் முகமே கொஞ்சம் தொங்கின மாதிரி ஆகிவிடும். கன்ன எலும்பு சிரித்தாலும் அழுதாலும் நகராது, அதனால் அதை அடையாளமாக வைத்துக்கொள்வது நம்பகமானது. மூக்கிலிருந்து இரண்டு விரல் தள்ளி, மூக்கு நுனிக்குக் கீழே இறங்காமல், எலும்பின் மேல் வைத்து காதுப் பக்கமாகத் தேய்த்துவிடலாம்.

வீடியோவைப் பார்த்து அளவு கற்றுக்கொள்வதில் இன்னொரு ஆபத்து. முகத்துக்கு நேரே ரிங் லைட் அடிக்கும்போது நிறம் அமுங்கிப்போகும். அதனால் வீடியோ எடுப்பவர் கூடுதலாகப் போடுவார். திரையில் அளவாகத் தெரியும். நாம் அதே அளவைப் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்தால் கூத்துக்குக் கிளம்பின மாதிரி இருக்கும். ஊடகம் மாறினால் நிறம் மாறும் என்பது சினிமாவில் பழைய பாடம். ஆரம்பகால ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு வெளிச்சம் பதியாது. கன்னத்தில் ரூஜ் பூசினால் திரையில் அங்கே குழி விழுந்த மாதிரி கருப்பாக வந்துவிடும். சினிமா மேக்கப்பே அதற்கேற்ப மாற வேண்டியிருந்தது. இப்போது போன் கேமராவும், அதற்குள் இருக்கும் முகம் மெருகேற்றும் ஃபில்டரும் அந்த இடத்தில் இருக்கின்றன.

பாடத்தை நான் எழுதினால்

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவது சுலபம். இந்தப் பாடங்களில் சரியாக இருப்பவை இருக்கின்றன. பவுடர் பிளஷ்ஷைப் பவுடருக்கு மேல் போடு, கிரீமைப் பவுடருக்கு முன்னால் போடு என்பது சரி, மாற்றிச் செய்தால் திட்டுத்திட்டாகும். பிரஷ்ஷைத் தட்டிவிட்டு வை என்பதும் சரி. அவற்றை வைத்துக்கொண்டு, மாநிறமும் கருப்பும் டிஃபால்ட் என்று எடுத்துக்கொண்டு எழுதினால் ஆரம்பப் பாடம் இப்படி இருக்கலாம்.

நிறத்துக்கு அடையாளம் வேண்டுமென்றால் கீழுதட்டின் உள்பக்கத்தைப் பாருங்கள். அங்கே மெலனின் குறைவு, ரத்தத்தின் நிறம் நேராகத் தெரியும். டார்வின் சொன்ன தழும்பு மாதிரி, எல்லாரிடமும் இருக்கும் ஜன்னல் அது.

உங்கள் கன்னத்தைவிட வெளிறிய, பால் கலந்த மாதிரி இருக்கும் நிறத்தை எடுக்காதீர்கள். மாநிறத்துக்குச் செங்கல் நிறம், அடர்ந்த பீச், மாதுளை நிறம். இன்னும் கருத்த தோலுக்கு அரக்கு, நாவல்பழ நிறம், வாடாமல்லி, நல்ல ஆரஞ்சு. ஆரஞ்சு பிரகாசமான நிறம்தானே என்றால், ஆமாம், ஆனால் அதில் வெள்ளை கலக்காமல் இருந்தால் சாம்பல் பூக்காது. டப்பாவில் பார்க்கும்போது பயமாக இருக்கும் நிறம்தான் கன்னத்தில் மெல்லிசாகப் பரவினதும் இயல்பாக உட்காரும்.

பின்பக்கம் பொருட்களின் பட்டியலில் சிஐ 77891 என்று இருந்தால் அது டைட்டானியம் டை ஆக்சைடு. ஆனால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. நிற நிறமிகளைக் கடைசியில் எந்த வரிசையிலும் போடலாம் என்பதால் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. விரலில் தொட்டுத் தாடை ஓரத்தில் வைத்து, நன்றாகத் தேய்த்துப் பரப்புங்கள். முன்கையின் உள்பக்கம் வேண்டாம், பெரும்பாலும் அது முகத்தைவிட வெளுப்பு. பிறகு கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஓரம் சாம்பலாகத் தெரிந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். கடைக்காரர் ‘உங்க கலருக்கு இது லைட்டா காட்டும்மா’ என்று சொன்னால், அதுதான் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம்.

சென்னை மாதிரி வேர்த்துக் கொட்டும் ஊரில் கிரீமோ திரவமோ மெல்லிசாக வைத்தால் பவுடரைவிடத் தோலோடு ஒட்டி நிற்கும். திரவம் சீக்கிரம் காய்ந்துவிடும், அதனால் ஒரு கன்னத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அதிகமாகிவிட்டால் துடைக்க வேண்டாம், ஈரமான ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். நிறம் சரியாக இருந்தால் மட்டும், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

அக்கா மகளுக்கு இதை எல்லாம் விளக்கினேன். முக்கால்வாசிக்குக் கொட்டாவி விட்டாள். ஒளிவிலகல் எண் வந்த இடத்தில் போனை எடுத்துவிட்டாள். ஆனால் அடுத்த தடவை கடைக்குப் போனபோது செங்கல் நிறத்தில் ஒன்று வாங்கி வந்திருக்கிறாள். வாசலில் நின்று பார்த்துத்தான் வாங்கினாளாம்.